படத்தில் விழாத கல்கத்தா

ஊரிலிருந்து உறவினர் எவரேனும் கல்கத்தாவுக்கு வந்தால் அவர்களை எங்கெங்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது நம்மவர் இல்லங்களில் எழுதப்படாத சட்டமாகவே இருந்து வருகிறது. (2001-ஆம் ஆண்டில் மாநகரின் பெயர் கொல்கத்தா என்று மாற்றப்பட்டது உண்மையே. ஆயினும் நம் வீட்டுப் பேச்சில் அஃது இன்றளவும் கல்கத்தாதான். ஆதலின் இக்கட்டுரையிலும் அப்பெயரே நிற்கும்.) முதல் நாள் காளிகாட்டும் தட்சிணேசுவரமும், மறுநாள் பேலூர் மடம், மூன்றாம் நாள் விக்டோரியா நினைவு மண்டபம், ஊருக்கு வண்டி ஏறும் அன்று ஹௌரா பாலம். ஒவ்வோர் இடத்திலும் குடும்பத்தார் வரிசையாக நிறுத்தப்படுவர். உயரமானவர் பின்னே, குழந்தைகள் முன்னே. படம் எடுக்கப்படும். அஃது அந்நொடியே கைப்பேசி வழியாக ஊருக்குப் பறந்துவிடும்.

இத்தகைய படங்களை நாம் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறோம். லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்துள்ள தெருக்களில் எந்த வீட்டுக்குச் சென்றாலும் காப்பி வருமுன் படங்கள் வந்துவிடும். நம் பாட்டனார் காலத்தில் ஸ்டூடியோக்களில் அரண்மனையும் பூந்தோட்டமும் தீட்டிய திரைச்சீலை ஒன்று தொங்கும். அதன்முன் நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்வர். இன்று சீலை இல்லை. 1921-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த வெண்பளிங்கு மண்டபமே சீலையாகிவிட்டது. அதன்முன் நிற்போர் மாறுகின்றனர். நிற்கும் நிலை மாறுவதில்லை. படத்தைப் பார்ப்பவருக்குக் கல்கத்தாவும் தெரியாது. அங்கே வாழ்பவர் எப்படி இருக்கிறார் என்பதும் தெரியாது. ஓரிடத்தையும் ஓராளையும் ஒருசேர மறைப்பதற்குப் படத்தைவிட வசதியான கருவி வேறில்லை போலும்!

ஆனால் இக்கலை பிறந்தபோது அப்படிப் பிறக்கவில்லை. பிரெஞ்சு நாட்டில் நியெப்ஸ் என்பார் 1827-ஆம் ஆண்டையொட்டி ஒரு தகட்டில் முதன்முதலாக ஒளியால் எழுதி நிலைக்கச் செய்தது எக்காட்சியை? அரண்மனையையன்று, தேவாலயத்தையன்று, தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து தெரிந்த கூரைகளைத்தான். இன்று எஞ்சியுள்ள புகைப்படங்களுள் மிகப் பழமையானது அந்தச் சன்னற்காட்சியே. அவ்வாறே, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1839-ஆம் ஆண்டில் ராபர்ட் கொர்னீலியஸ் என்னும் இளைஞர் தம் குடும்பத்தாரின் விளக்குக் கடைக்குப் பின்னே இருந்த முற்றத்தில் கருவியை நிறுத்தினார்; ஓடிவந்து அதன் எதிரே அசையாமல் இருந்து தம் உருவத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். கலைந்த தலையும், சற்றே ஒருபுறம் ஒதுங்கிய உருவமுமாக அப்படம் இன்றும் உள்ளது. முதல் நிலக்காட்சி சொந்தச் சன்னலிலிருந்து. முதல் தன்னுருவப் படம் சொந்தக் கொல்லைப்புறத்தில். இவ்விரண்டையும் அறிந்தபின் நமக்கு விக்டோரியா மண்டபத்தின்மீது இருந்த மயக்கம் பெரிதும் தெளிந்தது.

கல்கத்தாவுக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1839 ஆகஸ்டில் பாரீஸில் இம்முறை உலகறிய வெளியிடப்பட்டது. 1840-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே இந்நகரில் அக்கருவிக்கு விளம்பரம் வந்துவிட்டது. நீராவிக் கப்பலே புதுமையாக இருந்த காலத்தில் இவ்வளவு விரைவு! 1851-ஆம் ஆண்டையொட்டி பிரெடெரிக் பீபிக் என்பார் கல்கத்தாவின் தெருக்களையும் மாளிகைகளையும் படம் எடுத்து அவற்றின்மேல் கையால் வண்ணம் தீட்டினார். பம்பாயில் 1854-ஆம் ஆண்டிலும், இங்கு 1856-ஆம் ஆண்டிலும் புகைப்படக் கழகங்கள் தோன்றின, சென்னையும் பின்தங்கவில்லை.

இவர்களுள் நம் மனத்துக்கு நெருக்கமானவர் ஸாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர். காரணம் எளிது: அவரும் ஓர் எழுத்தர். நாட்டிங்ஹாம் நகரில் வங்கி ஒன்றில் பேரேட்டோடு காலம் கழித்தவர். வேலையை விட்டுவிட்டு 1863-ஆம் ஆண்டில் கல்கத்தாத் துறையில் வந்து இறங்கினார். (ரெயில்வே எழுத்தராகிய நமக்கு இச்செய்தியைப் படித்த அன்று இரவு உறக்கம் சற்றுத் தாமதித்தே வந்தது.) சிம்லா சென்று தொழில் தொடங்கி, இமயத்துள் மூன்று நெடும்பயணங்கள் செய்தார். அக்காலத்தில் படம் எடுப்பது என்பது இன்றைக்கு விரலால் தொடுவது போன்றதன்று. கண்ணாடித் தகட்டின்மேல் பிசின் போன்ற ஒரு பூச்சைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் காயுமுன் படம் பிடித்து, ஈரம் காயுமுன்னே இருட்டுக் கூடாரத்துள் கழுவிவிட வேண்டும். ஆகவே கண்ணாடி, மருந்து, கூடாரம் அனைத்தும் மலைமேல் ஏற வேண்டும். பல பத்துச் சுமையாட்கள் முதுகில் சுமந்தனர்; குளிரில் அவர்களுள் சிலர் இடையே ஓடிப்போயினர் என்பதையும் போர்ன் எழுதியிருக்கிறார். படத்தில் சுமையாட்கள் அரிதாகவே தென்படுகின்றனர், மலைதான் தெரிகிறது. 1866-ஆம் ஆண்டில் 18,600 அடி உயரத்தில் மணிரங் கணவாயில் அவர் எடுத்த படத்தைவிட உயரமான இடத்தில் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எவரும் எடுத்ததில்லை என்பர்.

ஆனால் நாம் அவரை ஈண்டு நினைவுகூர்வது உயரத்தின் பொருட்டன்று. அவர் தம் நாட்டுப் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் ஒரு குறை அடிக்கடி தலைகாட்டுகிறது. இந்நாட்டு மலைகள் மிகப் பெரியவை. ஆயினும் தம் ஊர் ஏரிகளும், பசும்புல் வெளிகளும், ஓலைக் கூரைக் குடில்களும் இங்கே இல்லையே என்பது அக்குறை. காசுமீரத்துக்குச் சென்றபோதுதான் அவர் மனம் குளிர்ந்தது. அங்கே நீரும் மரமும் அவர் தேடிய விதத்தில் அமைந்திருந்தன. அப்படங்களைப் பாருங்கள். அவை இமயத்தின் படங்கள்தாம். ஆனால் அவற்றுள் ஊர் நினைவால் வாடிய ஒரு நாட்டிங்ஹாம் எழுத்தரின் முகமும் உள்ளது. அவர் எங்கே நின்றார், எதை நடுவில் வைத்தார், எதை விலக்கினார் என்பதே அம்முகம். நிலத்தைப் படம் எடுப்பவன் தன்னை விலக்கிவிட்டு எடுக்க இயலாது என்பதற்கு நாம் வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

இதற்கு மாறான கண் ஒன்றையும் சொல்ல வேண்டும். கேப்டன் ட்ரைப் என்னும் படைத்தலைவர் 1858-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்துக்காகத் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கோபுரத்தின் உயரத்தில் மயங்காது, கீழே குனிந்து எழுத்தை எடுத்த அக்கண் அளவைக்காரரின் கண். அதுவும் ஒரு முகந்தானே!

போர்ன் 1870-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். ஆனால் 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' என்ற பெயர் இந்நகரில் நிலைத்தது. எஸ்பிளனேடில், சுரேந்திரநாத் பானர்ஜி சாலை தொடங்குமிடத்தில் அவர்களது ஸ்டூடியோ ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நடந்தது. 1991-ஆம் ஆண்டில் ஏற்பட்ட தீயில் அங்கிருந்த பழைய தகடுகளிற் பெரும்பகுதி அழிந்தது. 2016-ஆம் ஆண்டில் ஸ்டூடியோவே மூடப்பட்டது. மன்னரும் ஆளுநரும் ஏறிய படிகள் அவை. அரசர்களின் படங்களுக்கு வேறு படிகள் வேறு நாடுகளில் இருக்கும். குடும்பத்தோடு வந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு போன சாமானியர்களின் தகடுகள் வெந்து போயின என்பதுதான் நமக்கு வருத்தம்.

நிற்க. தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்வது இக்காலத்து இளைஞரின் வீண் வேடிக்கை என்று பெரியோர் சிலர் கடிந்துகொள்கின்றனர். அவர்கள் திரிபுரா மன்னர் வீரசந்திர மாணிக்யரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1862 முதல் 1896 வரை ஆண்ட அம்மன்னருக்குப் புகைப்படக்கலையில் தீராத ஆர்வம். அகர்தலா அரண்மனையில் படக் கண்காட்சிகள் நடத்தினார். தம் அரசியார் மனமோகினிக்கும் அக்கலையைக் கற்பித்தார். 1880-ஆம் ஆண்டையொட்டி, அரசியாரை அணைத்தவாறு அமர்ந்து, நீண்ட கம்பியொன்றின் முனையைக் கையிற் பற்றி, தூரத்தில் இருந்த கருவியைத் தாமே இயக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டார். அரசரென்றால் சிங்காதனம், வாள், வெண்சாமரம் என்றிருந்த நாளில், கணவனும் மனைவியுமாக நெருங்கி அமர்ந்திருக்கும் அப்படத்தை வேறு எந்தப் படக்காரர் எடுத்திருக்க முடியும்? அந்நியர் முன்னிலையில் அவ்வளவு நெருக்கம் வாராது. கம்பி வாங்கிக் கொடுத்தது தனிமையைத்தான். அம்மன்னர் தம் இறுதி நாளைக் கழித்ததும் இக்கல்கத்தாவிலேதான். பஞ்சாபில் பிறந்த உம்ராவ் சிங் ஷேர்கில் என்னும் அறிஞரோ, ஓவியர் அம்ருதா ஷேர்கில்லின் தந்தையார், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம்மைத் தாமே எடுத்துக்கொண்டே இருந்தார்: இளைஞராக, தந்தையாக, புத்தகங்களுக்கிடையே முதியவராக. வீண் பெருமை உள்ளவன் தன் முதுமையை அவ்வாறு எடுத்துக்கொள்வானா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

படம் பிடிக்கும் தொழிலைப் பற்றி இந்நகரில் கூறப்பட்டவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது ஸ்ரீராமகிருஷ்ணர் கூறியதே. 1881 டிசம்பர் 10-ஆம் நாள் ராதாபஜாரில் இருந்த ஸ்டூடியோ ஒன்றுக்கு அவரை அன்பர்கள் அழைத்துச் சென்றனர். தூண் ஒன்றின்மீது கை வைத்து அவர் நிற்கும் படம் அன்று எடுக்கப்பட்டதே. படம் எவ்வாறு விழுகிறது என்று குழந்தையைப் போல் ஆவலோடு கேட்டறிந்தார். வெறுங் கண்ணாடியில் உருவம் நிற்பதில்லை, மருந்து பூசிய கண்ணாடியில்தான் நிற்கிறது என்று அறிந்ததும், அதையே பக்திக்கு உவமையாக்கிப் பின்னர் அடியார்க்குக் கூறினார். நாம் அந்த உவமையைச் சற்றுக் கீழிறக்கி நம் பிழைப்புக்கும் பொருத்திக் கொள்கிறோம். புலம் பெயர்ந்து வந்தவனுக்கு ஊர் பல நாள்வரை வெறுங் கண்ணாடிதான். டிராமும், மழைநீர் தேங்கிய தெருவும், மண் குவளைத் தேநீரும் கண்முன்னே வந்து வந்து போகும், ஒன்றும் நிற்பதில்லை. பூச்சு ஒன்று ஏற வேண்டும்.

நமக்கு அப்பூச்சு ஏறிய கதை, கேட்பதற்குச் சிறிது, ஆயினும் சொல்லிவிடுகிறோம். மெட்ரிகுலேஷன் படிப்போடு நின்று, ரெயில்வேயில் எழுத்தராகி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கு வந்த முதல் டிசம்பரில், மாலை ஐந்தே காலுக்கு அலுவலக வாயிலில் நின்று அன்னையாரோடு பேசிக்கொண்டிருந்தோம். “இருட்டிவிட்டது அம்மா, வீட்டுக்குப் போக வேண்டும்” என்றோம். “ஏன் ஐயா, ஐந்து மணிக்கே எங்காவது இருட்டுமா? உடம்புக்கு ஏதும் முடியவில்லையா? எனக்கு மறைக்கிறாயா?” என்று அவர் கலங்கிவிட்டார். அவர் அமர்ந்திருந்த திண்ணையில் அப்போது வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

அவரைக் குறை கூற இயலாது. நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் ஒன்றன்று. இந்தியப் பொது நேரத்தைவிடக் கல்கத்தாவின் சூரியன் ஏறத்தாழ 24 நிமிடம் முந்தியது. இந்நகர் 1948-ஆம் ஆண்டுவரை தன் சொந்த நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தது என்பது பழைய கால அட்டவணை பார்த்தவர்க்குத் தெரியும். (இரயில்கள் மட்டும் 1905-ஆம் ஆண்டுவரை நாடெங்கும் சென்னை நேரப்படியே ஓடின. நம்மவர்க்கு அதில் ஒரு சிறு பெருமை இருப்பதில் தவறில்லை.) திருநெல்வேலியோ மேற்கே இருப்பதால் பொது நேரத்துக்கு 19 நிமிடம் பிந்தியது; தெற்கே இருப்பதால் மார்கழிப் பகலும் அங்கே நீண்டது. எல்லாம் சேர, டிசம்பர்த் தொடக்கத்தில் இங்கு ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. அங்கே ஆறு மணிக்கு. ஒரே நாட்டில், ஒரே கடிகாரத்தில், தாய்க்கும் மகனுக்கும் இடையே ஒரு மணி நேர இருட்டு.

இதை எல்லாம் அன்னையாருக்கு எவ்வாறு விளக்குவது? வாயிலிலேயே நின்று, பின்னே விளக்கு ஏற்றிய தேநீர்க்கடையும் மங்கிய வானமும் தெரிய, சுவர்க் கடிகாரத்தையும் ஒரு மூலையில் சேர்த்து, நம் முகத்தை நாமே எடுத்து அனுப்பினோம். சற்று நேரத்தில் அண்டை வீட்டுச் சிறுவன் எடுத்து அனுப்பிய படம் ஒன்று வந்தது: திண்ணை, வெயில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அன்னையார். அன்றுமுதல் ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் ஐந்து மணிக்குத் தவறாது கேட்பது ஒன்றே: “விளக்குப் போட்டாயிற்றா?” விக்டோரியா மண்டபத்துப் படத்தைப் பார்த்து அவர், “யார் வீடு? நல்ல பெரிய வீடாயிருக்கிறதே” என்றதோடு சரி. நாம் இங்கே என்ன உண்கிறோம், எந்தக் கட்டிலில் உறங்குகிறோம், எவ்வளவு இளைத்தோம் என்பதெல்லாம் அவருக்கு அந்த இருட்டுப் படத்திலிருந்தே தெரிந்ததாம்.

அதன்பின் ஓய்வு நாட்களில் கைப்பேசியோடு நடக்கும் வழக்கம் நம்மைப் பற்றிக்கொண்டது. நமக்கு உகந்த வழி சக்ர ரெயில் வழி. 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வட்ட ரெயில், பாக்பஜார், அஹிரிடோலா, படா பஜார் என்று கங்கைக் கரையை ஒட்டியே ஊர்ந்து பிரின்செப் படித்துறைக்கு வருகிறது. துர்க்கை சிலைகளைக் கரைக்கும் நாட்களில் இவ்வண்டி நிறுத்தப்படுவதுண்டு; ஊர்வலம் தண்டவாளத்தைக் கடந்துதான் நதிக்குச் செல்ல வேண்டும். அம்மனுக்காக வண்டியை நிறுத்தும் ஊரில் வேலை செய்கிறோம் என்று எண்ணும்போது மனத்துக்கு இதமாகவே இருக்கிறது.

பிரின்செப் படித்துறையின் வெண்தூண் மண்டபம் 1840-களில் எழுந்தது. அசோகரின் பிராமி எழுத்தை 1837-ஆம் ஆண்டில் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுப்பப்பட்டது. நம் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் பின்னாளில் அறிஞர் படிக்க முடிந்ததும் அவர் திறந்த வழியே சென்றுதான். அன்று நதி மண்டபத்தின் காலடியில் இருந்தது. இன்று இடையில் சாலையும் தண்டவாளமும் வந்துவிட்டன. மண்டபத்துக்குப் பின்னே 1992-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலம் கம்பி இழுத்த வீணை போல் நிற்கிறது. வருவோர் அனைவரும் தூண்களையும் பாலத்தையும் சேர்த்து எடுக்கின்றனர், அழகான படந்தான். நாம் நாலைந்து முறை சென்றபின் தூண்களுக்கு முதுகைக் காட்டி உட்காரத் தொடங்கினோம். காலை ஏழு மணிக்குப் பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியாது. படகுக்காரர் அடுப்பு மூட்டுவார். நீர் வற்றும் வேளையில் கடைசிப் படிகளில் சேறு மின்னும். தாமிரபரணிப் படித்துறையிலும் அச்சேறு அவ்வாறே மின்னும், மணம்கூட வேறன்று. அப்படிகளில் நம் நிழல் விழ எடுத்த படம் ஒன்று நம்மிடம் உள்ளது. அதைப் பார்த்தவர் எவரும் கல்கத்தா என்று சொன்னதில்லை. போர்ன் காசுமீரத்தில் எதைத் தேடினார் என்பது அப்போது நமக்கு நன்றாக விளங்கிற்று.

ஈண்டு நம் தொழில் பற்றிய ஓர் எச்சரிக்கையையும் இடையே சொல்லிவிடுகிறோம். நல்ல படத்துக்காகத் தண்டவாளத்தின்மேல் நிற்கும் இளைஞர்களை அடிக்கடி காண்கிறோம். 1989-ஆம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ரெயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. சட்டம் இருக்கட்டும்; வண்டி வரும் ஓசை எதிர்க்காற்றில் கேட்பதில்லை. தளத்தின் மஞ்சள் கோட்டுக்கு இப்பாலிருந்து எடுக்கும் படத்திலும் முகம் நன்றாகவே விழும்.

இத்தனையையும் நாம் வீட்டில் விரிவுரையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நம் இல்லாள் கேட்டது ஒன்று. “ஊருக்குப் போகும் படங்களில் நான் எப்போதும் பட்டுப்புடைவையோடு இருக்கிறேனே. காலை நாலரைக்கு எழுந்து இந்தப் பொந்துக்குள் நிற்கிறேனே, அது யாருக்குத் தெரியும்?” சமையலறை உண்மையிலேயே சிறியது, எதிரே நின்று படம் எடுக்க இடமில்லை. மறுவாரம் அவரே ஒரு படம் எடுத்துக் காட்டினார். துலக்கி வைத்த எவர்சில்வர் தவலையின் வயிற்றில் அவர் முகம், வளைந்த அடுப்பு, வளைந்த சன்னல், சன்னலுக்கு அப்பால் எதிர்வீட்டு வங்காளி அம்மாள் துணி உலர்த்தும் வளைந்த கொடி, அனைத்தும் ஒருங்கே விழுந்திருந்தன. இந்நகரில் அன்னபூர்ணா தத்தா (1894–1976) என்னும் பெண்மணி, ஆடவர் எதிரே வராத குலப்பெண்களை அவரவர் வீட்டுக்குள்ளேயே சென்று படம் எடுத்து, அதையே வாழ்வுக்கு வருவாயாக்கிக் கொண்டார். படக்காரர் நுழைய முடியாத இடம் எது என்பதைப் பெண்டிரே நன்கறிவர் என்று நினைத்துக்கொண்டோம். தவலைப் படத்தை மாமியாருக்கு அவரே அனுப்பினார், நம்மைக் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு லேக் மார்க்கெட்டுக்கு அருகே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பெரியவர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் பெங்களூர் புறப்பட்டார். இப்பகுதியில் இஃது இப்போது புதிய செய்தியன்று. பிள்ளைகள் வேலை தேடி வேறு நகரங்களுக்குச் செல்கின்றனர். பெற்றோர் சில ஆண்டு தனித்திருந்துவிட்டுப் பின்தொடர்கின்றனர். வாழையிலைக் கடையில் ஒரு வாடிக்கை குறைகிறது. பெட்டி கட்டுவதற்கு உதவச் சென்றிருந்தோம். பரணிலிருந்து மூன்று ஆல்பங்கள் இறங்கின.

முதலிரண்டு ஆல்பங்களும் ஸ்டூடியோப் படங்கள். திரைச்சீலை, நாற்காலி, கோட்டும் தலைப்பாகையும். பின்புறம் எவர் பெயரும் எழுதப்படவில்லை. பெரியவர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். “இவர் சித்தப்பாவாக இருக்கலாம். இவர் யார் என்று தெரியவில்லை, தம்பி. அப்பாவோடு ஆபீசில் இருந்தவரோ என்னவோ” என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார். அழகிய படங்கள், எவரும் இல்லாத படங்கள்.

மூன்றாவதில் சிறிய சதுரப் படம் ஒன்று. மொட்டை மாடி, விரித்த வேட்டியில் வரிசை வரிசையாக வடாம், அதை அடுத்து வேறொரு துணியில் வங்காளிகள் உலர்த்தும் பருப்பு வடி, அதன் அருகே குந்தி அமர்ந்து சிரிக்கும் வங்காள மாது. பெரியவர் அதைக் கையில் எடுத்ததும் பேசாமல் இருந்தார். பிறகு, படத்தின் கீழ்ப்பகுதியில் வடாத்தின்மேல் விழுந்திருந்த நிழலை விரலால் காட்டினார். பழைய பெட்டிக் காமிராவை மார்புக்குக் கீழே பிடித்து, குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னே இருக்க வேண்டும் என்பது அக்காலத்துப் பாடம். ஆதலால் எடுப்பவர் நிழல் பல படங்களில் முன்னே வந்து விழும். இரு முழங்கைகளும் விரிந்து, தலை குனிந்து, பிடரியில் கொண்டை தெரிந்தது.

“அம்மா எடுத்த படம். பார், கொண்டை” என்றார். “அப்பாவுடைய காமிரா; தொட்டால் வைவார். அவர் ஆபீஸ் போன பிறகு எடுத்திருக்கிறாள். அம்மாவுக்குப் படம் எடுக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரிகிறது, தம்பி.” எண்பதைத் தாண்டியவர் அவர்.

அப்படத்தை மட்டும் பெட்டியில் வைக்காது சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பின்னர் மாடிக்குப் போகலாம் என்றார். படிகளில் இருமுறை நின்று ஏறினார். கிழக்கே ஆறடுக்குக் கட்டடம் ஒன்று எழுந்துவிட்டது; ஆயினும் மேற்கேயிருந்து வெயில் வந்தது. வடாம் காய்ந்த இடம் எது என்று சற்றுத் தேடி, தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஓரிடத்தில் நின்று, “இங்கே ஒன்று எடு. நீயும் நில்” என்றார்.

கைப்பேசியைச் செங்கல் ஒன்றின்மேல் சாய்த்து, பத்து நொடிக்கு டைமர் வைத்துவிட்டு ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றோம். பெரியவர் உரக்க எண்ணத் தொடங்கினார்; இங்கேயே பிறந்து வளர்ந்தவர் ஆதலால் எண்ணிக்கை அவருக்கு வங்காளியில்தான் வந்தது. படத்தில் அவர் வாய் ‘தொஷ்’ என்று பத்தைச் சொல்லித் திறந்தபடி இருக்கிறது. நாம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம். இரண்டு நாட்களில் அச்சிட்டு எடுத்துச் சென்று கொடுத்தோம். பெரியவர் பேனாவை வாங்கி, படத்தின் பின்புறம் தேதி, தெரு, வீட்டு எண், எங்கள் இருவர் பெயர், மாலை நாலு மணி இருபது நிமிடம் என்று தம் கையாலேயே எழுதினார். பிறகு சட்டைப்பையிலிருந்த சிறிய சதுரப் படத்தை வெளியே எடுத்து, அதன் பின்புறமும் அம்மாவின் பெயரை எழுதினார்.